எஞ்சின் தட்டுது, அப்பா!

இந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், மகன் பஸ்ஸில் வந்து இறங்கினான். வாசலில் நிற்க வேண்டிய அவனுடைய கார் மூன்று வாரமாக நிற்கவில்லை. கேட்டால் "கூட்டாளி வீட்டில விட்டிருக்கிறன்" என்று ஒரே பதில்தான். அன்றைக்கு நான் விடவில்லை. குடைந்து குடைந்து கேட்ட பிறகு, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"எஞ்சின் தட்டுது, அப்பா."

அவனுக்கு வயது பத்தொன்பது. இரண்டு வருடம் வார இறுதிகளில் விடியப்புறம் எழும்பி பேக்கரி வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய கார் அது. பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை. வாங்கும்போது எனக்குத் துளியும் விருப்பமில்லை. "அம்மம்மாவை எங்கேயடா இருத்துவாய்?" என்று கேட்டுப் பார்த்தேன். 2025 தை மாதம் துபாய் 24 மணி நேர ஓட்டத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் எடுத்த நேரம் அது. என் சொல் எடுபடுமா?

டென்மார்க்கில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் சொல்லாமலே விளங்கும். இங்கே காரின் பதிவு வரி 25, 85, 150 வீதம் என்று மூன்று படியாக ஏறும். விலை கூடிய காரின் மேல் பகுதிக்கு 150 வீதம். அதனால் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை உள்ள பிள்ளையள் பத்து, இருபது வயதுப் பழசைத்தான் தேடுவார்கள். பழசு என்றால் சத்தமும் கூடவே வரும்.

அவன் சொன்னதும் என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "அடிச்சு ஓடியிருப்பாய்!"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்கள் இப்பிடித்தான் சொல்லுவீங்கள் எண்டு தெரியும். அதுதான் சொல்லேல்லை" என்றான். பிறகுதான் மற்றக் கதையும் வந்தது. சத்தம் கேட்டதும் கடைக்குப் போய், 'எஞ்சின் சத்தத்தைக் குறைக்கும்' என்று போட்டிருந்த தடித்த திரவம் ஒன்றை வாங்கி ஒயிலோடு ஊற்றியிருக்கிறான். இரண்டு நாள் சத்தம் குறைந்ததாம். மூன்றாம் நாள் திரும்ப வந்ததாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு நாள் இப்படி ஒரு பிள்ளை வந்து நிற்கலாம். அப்போது என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த மாதக் கதை.

தட்டல் ஒன்றல்ல

'எஞ்சின் தட்டுது' என்று நாங்கள் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு வேறு வருத்தங்கள் இருக்கின்றன. ஒன்று எரிபொருள் பிழையாக வெடிப்பதால் வருவது. மற்றது இரும்பு தேய்ந்து இடைவெளி விழுவதால் வருவது. முதலாவதுக்குப் பெரும்பாலும் சின்ன வைத்தியம் போதும். இரண்டாவது என்றால் காரை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இரண்டையும் பிரித்தறியத் தெரியாவிட்டால், சின்னதுக்குப் பயந்து காசைக் கொட்டுவோம். இல்லாவிட்டால் பெரியதைச் சின்னது என்று நினைத்து எஞ்சினையே இழப்போம்.

முதலாவதைப் பார்ப்போம். பெற்றோல் எஞ்சினில், பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் மேலே வந்து நெருக்கும். பிளக் பொறி போடும். தீ அங்கிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டும். ஆனால் சூடும் அழுத்தமும் கூடினால், தீ போய்ச் சேருவதற்கு முதலே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். அந்த அதிர்வு சிலிண்டர் சுவரில் மோதுவதுதான் 'கிண் கிண்' என்று கேட்கும். தகர டப்பாவுக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி இருக்கும். பாரத்தோடு ஏறும்போது, பெரிய கியரில் மெதுவாகப் போய்க்கொண்டு மிதியை அழுத்தும்போது, வெக்கை நாளில் இது கேட்கும். மிதியை விட்டால் உடனே நின்றுவிடும். இதுதான் அடையாளம்.

டென்மார்க்கில் இதில் ஒரு சங்கடம் உண்டு. நாடு தட்டை. மிக உயரமான இடமான முல்லஹோயே 171 மீற்றர்கூட இல்லை. அதனால் பல கார்களில் இந்தச் சத்தம் இருப்பதே தெரியாது, ஓகஸ்ற் மாதம் குடும்பத்தோடு சுவிஸ் மலையில் ஏறும்வரை. இங்கேயே சோதிக்க வேண்டும் என்றால் வைலவுக்குப் பக்கத்தில் முங்கபியா ஏற்றம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளோடு உள்ள பாதை. ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாமாவின் ஏ40

என் மாமா, மனைவியின் அப்பா, யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 வைத்து வாடகைக்கு ஓடியவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடைக்காமல் போனபோது அங்கே கார்கள் எதில் ஓடின என்பதை எங்கள் பிள்ளையளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்.

மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகக் குறைவு. அதாவது நெருக்கினால் தானாக வெடிக்கும் குணம் மிகக் கூட. அதனால் பாரம் ஏற்றினால் ஏ40 தட்டத் தொடங்கிவிடும். "ஏழு எட்டுப் பேரை ஏத்தினால் கிண் கிண் எண்டு அழும். டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி விடுவன், அடங்கும்" என்பார் மாமா. பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பிந்த வைத்திருக்கிறார். பொறி பிந்தினால் உள்ளே அழுத்தம் குறையும், தட்டலும் குறையும். இழுவையும் குறையும்தான், ஆனால் கார் ஓடும். அந்தக் காலத்து எஞ்சினின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில்தான். அதனால் தாக்குப் பிடித்தது. இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அது பத்தைத் தாண்டும், சிலவற்றில் பதின்மூன்றும் வரும். மண்ணெண்ணெயைக் காட்டவே முடியாது.

மாமா கையால் செய்ததை இன்று கணினி செய்கிறது. எஞ்சின் உடம்பில் நொக் சென்சர் என்று ஒரு சின்ன உறுப்பு பூட்டியிருக்கும். அதற்குள் இருக்கும் படிகம் அதிர்ந்தால் மின்சாரம் பிறக்கும். தட்டல் அதிர்வு வந்ததும் கணினி பொறியைப் பிந்த வைக்கும். இந்த சென்சரோ அதன் வயரோ பழுதானால், பெரும்பாலான கார்களில் எஞ்சின் விளக்கு எரியும், கோட் ரீடரில் பி0325 மாதிரி ஒரு இலக்கம் வரும். 2001க்குப் பிறகு ஐரோப்பாவில் பதிவான பெற்றோல் கார்களில் கோட் ரீடர் பூட்டும் இணைப்பு கட்டாயம் இருக்கும். சில நூறு குரோணருக்கு ஒரு ரீடர் வாங்கி வீட்டில் வையுங்கள்.

ஒக்ரேனும் ஈயமும்

பெற்றோல் நிலையத்தில் பார்க்கும் 95, 98 என்ற இலக்கங்கள் எரிபொருளின் பலத்தைச் சொல்வதில்லை. தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப் பிடிக்கும் என்பதைத்தான் சொல்கின்றன. ஐசோ-ஒக்ரேன் 100, ஹெப்ரேன் 0 என்று வைத்து அளக்கிறார்கள். காரின் கையேட்டிலும், பெற்றோல் மூடியின் உட்பக்கத்திலும் எது வேண்டும் என்று போட்டிருக்கும். 98 கேட்கும் காருக்கு 95 ஊற்றினால் கணினி பொறியைப் பிந்த வைத்துச் சமாளிக்கும், ஆனால் வேகம் குறையும். 95 போதும் என்ற காருக்கு 98 ஊற்றுவதால் பெரிய பலன் இல்லை. 2020இலிருந்து இங்கே சாதாரண 95 என்றால் ஈ10, பத்து வீதம் வரை எதனோல் கலந்தது. எதனோலால் தட்டல் வராது, அது தட்டலைத் தாங்கும் பொருள். ஆனால் மிகப் பழைய கார்களில் குழாய்களுக்கும் ரப்பருக்கும் ஒத்துவருமா என்று கையேட்டில் பாருங்கள். கனடாவில் இருக்கும் சொந்தங்கள் "எங்கட பெற்றோல் 91தானே" என்று குழம்பவேண்டாம். அங்கே அளக்கும் முறை வேறு. அவர்களின் 91 ஏறக்குறைய எங்களின் 95.

இந்தத் தட்டலை நிறுத்த உலகம் ஒரு காலத்தில் செய்ததைப் பெற்றோர் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். 1921 டிசெம்பரில், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் கலந்த ஒரு திரவத்தைப் பெற்றோலில் மிகச் சிறிதளவு விட்டால் தட்டல் நின்றுவிடும் என்று கண்டுபிடித்தார். சத்தம் நின்றது. ஆனால் அந்த ஈயம் புகையாக வெளியே வந்து, மண்ணிலும் மூச்சிலும் கலந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. கார்களுக்கான ஈயப் பெற்றோல் உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல்தான் நின்றது. கிட்டத்தட்ட நூறு வருடம்.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். டீசல் எஞ்சினில் பிளக் பொறியே இல்லை. எரிபொருள் தானாக எரிவதுதான் அதன் வேலை. குளிரில் 'டக் டக்' என்பது அதன் இயல்பு. ஹொப்ரோ ஊரின் டொம் கிறிஸ்டென்சன் லு மான் 24 மணி நேர ஓட்டத்தை ஒன்பது தரம் வென்றவர். அதில் 2008ஆம் ஆண்டு வெற்றி டீசல் காரில்தான்.

டேர்போ உள்ள புதிய சின்ன எஞ்சின்களுக்கு ஒரு எச்சரிக்கை. குறைந்த சுற்றில், பெரிய கியரில், மிதியை முழுக்க அழுத்தினால் பொறிக்கு முதலே தீப்பிடிக்கும் ஒரு வகைத் தட்டல் வரும். ஓரிரண்டு அடியே பிஸ்டனை உடைத்துவிடும். கியரைக் குறைத்துவிட்டு அழுத்தச் சொல்லுங்கள். ஒயில் போத்தலில் ஏபிஐ எஸ்பி தரம் போட்டிருந்தால் அது இந்தக் குறையையும் கருத்தில் வைத்துச் செய்தது. ஆனால் கையேடு கேட்கும் தரம்தான் முதல்.

இரும்புச் சத்தம்

இப்போது இரண்டாவது வகை. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ரொட்டின் கீழ் முனையில், பிறை வடிவில் இரண்டு மெல்லிய பெயாரிங் தகடுகள் இருக்கும். அவற்றுக்கும் தண்டுக்கும் நடுவில் மயிரிழையை விட மெல்லிய ஒயில் படலம். அந்தப் படலம் இருக்கும்வரை இரும்பு இரும்பில் படாது. ஒயில் குறைந்தாலோ அழுத்தம் விழுந்தாலோ தகடு தேயும், இடைவெளி விழும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ரொட் தண்டில் சுத்தியல் மாதிரி அடிக்கும்.

இந்தச் சத்தம் அடியில் இருந்து, ஆழமாக, 'டொக் டொக்' என்று வரும். சுற்றுக் கூடக் கூட வேகமாகும். எஞ்சின் சூடேறி ஒயில் இளகினால் இன்னும் கூடும். 2000, 2500 சுற்றில் பிடித்துவிட்டு மிதியை மெல்ல விடும்போது தெளிவாகக் கேட்கும். தடித்த திரவம் ஊற்றினால் கொஞ்ச நாள் அமுங்கும், ஏனென்றால் அது இடைவெளியை நிரப்புகிறது. தேய்வு உள்ளே நடந்துகொண்டே இருக்கும். கடைசியில் ரொட் உடைந்து எஞ்சின் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். பாதையில் அது நடந்தால் ஒயில் சிந்தித் தீப்பிடிக்கவும் கூடும்.

இதைப் போலக் கேட்டாலும் இது அல்லாத சத்தங்களும் உண்டு. கீழே சொல்வதைப் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மேல் பக்கத்தில் இருந்து, எஞ்சின் சுற்றின் பாதி வேகத்தில், தையல் மெசின் மாதிரி 'டிக் டிக்' என்றால் அது வால்வு பக்கம். ஒயில் மாற்றினால் சில நேரம் போய்விடும்.

குளிரில் ஸ்ராட் பண்ணும்போது தட்டி, சூடானதும் மறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் கொஞ்சம் ஆடுகிறது, அல்லது எக்ஸோஸ்ற் இணைப்பில் கசிவு இருந்து சூட்டில் இரும்பு விரிந்து அடைபடுகிறது. அவசரம் இல்லை, கவனத்தில் வையுங்கள்.

ஸ்ராட் பண்ணிய முதல் ஒன்றிரண்டு வினாடி மட்டும் கரகர என்றால் டைமிங் செயின் பக்கம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. செயின் பிசகினால் வால்வுகள் பிஸ்டனில் அடிபடும்.

கிளச்சை மிதித்ததும் சத்தம் மாறினால் கிளச் அல்லது பிளைவீல் பக்கம். எஞ்சினுக்குள் இல்லை.

காரின் அடியில் தகரம் நடுங்குவது போல இருந்தால், பெரும்பாலும் எக்ஸோஸ்ற் சூட்டுத் தகடு துருப்பிடித்துக் கழன்றிருக்கும். குளிர்காலத்தில் பாதைக்கு உப்புப் போடும் எங்கள் நாட்டில் இது சர்வ சாதாரணம். ஒரு கிளிப் போட்டால் முடிந்தது.

வீட்டில் எப்படிப் பார்ப்பது

அடுத்த நாள் ஞாயிறு. மாமாவையும் ஏற்றிக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் போனோம். மகன் ஓடிப்போய்ச் சாவியைப் போடப் பார்த்தான். மாமா கையைப் பிடித்தார். "பொறு ராசா. முதல்ல ஒயிலைப் பார்."

அதுதான் சரியான வரிசை. தட்டும் எஞ்சினை ஸ்ராட் பண்ணிப் பார்ப்பது கடைசி வேலை. காரை மட்டமான நிலத்தில் நிறுத்தி, நின்ற எஞ்சினில் ஒயில் குச்சியை இழுத்து, துடைத்து, திரும்ப விட்டு எடுக்க வேண்டும். அவன் எடுத்தான். குச்சியின் நுனியில்கூட ஒயில் ஒட்டவில்லை. அந்தத் தடித்த திரவத்தையும் ஊற்றிய பிறகு இந்த நிலை.

"எப்ப கடைசியா இதை இழுத்துப் பார்த்தனி?" என்று கேட்டேன்.

"வாங்கேக்க, வித்தவர் காட்டினவர்."

"பிறகு?"

"ஒயில் லைற் எரியேல்லையே, அப்பா."

அதைக் கேட்டு அவனை ஏச முடியாமல் போனது. ஏனென்றால் அந்தச் சிவப்பு விளக்கு ஒயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுவது என்பதை நான் ஒரு நாளும் அவனுக்குச் சொல்லவில்லை. பழைய கார்களில் அளவு எவ்வளவு இறங்கினாலும் விளக்கு சும்மா இருக்கும். அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். அதற்குள் சேதம் தொடங்கிவிடும். ஸ்போர்ட்ஸ் கார் உயர்ந்த சுற்றில் ஓடுவது, வயதான எஞ்சின் ஒயிலையும் குடிக்கும். ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் குடித்தால் ஐந்தாறாயிரம் கிலோமீற்றரில் கணக்கு என்ன? நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது கீழ்த்தட்டில் மிஞ்சியிருக்கும் ஒயிலும் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்ப் சில வினாடி காற்றை உறிஞ்சும். பெயாரிங்குக்கு அந்தச் சில வினாடி போதும். பந்தயக் கார்களுக்கு ஒயிலைத் தனித் தாங்கியில் வைத்துப் பம்ப் பண்ணும் முறை இருப்பது இதற்காகத்தான்.

நான் அவனுக்குக் கார் ஓட்டம் பற்றிச் சொல்லாத புத்தி இல்லை. வலப்பக்கம் திரும்பும்போது சைக்கிள்காரரைப் பார், ரவுண்ட் எபவுட்டில் சிக்னல் போடு, எல்லாம் சொன்னேன். ஒயில் குச்சியை மட்டும் காட்டவில்லை. என்னுடைய கார் மின்சாரம். 2024இல் இங்கே விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் மின்சாரக் கார்கள்தான். குச்சி இழுக்கிற பழக்கம் எங்கள் வீடுகளிலிருந்தே போய்விட்டது.

ஒயிலைச் சரியான அளவுக்கு ஊற்றினோம். மாமா ஒரு நீண்ட ஸ்குரூ ட்ரைவரைக் கொண்டுவந்திருந்தார். நுனியை எஞ்சின் உடம்பில் வைத்து, பிடியைக் காதெலும்பில் வைத்தால் வைத்தியரின் குழாய் மாதிரி வேலை செய்யும். மெக்கானிக் ஸ்ரெதஸ்கோப் என்று கடையிலும் மலிவாகக் கிடைக்கும், அது பாதுகாப்பு. எதுவானாலும் பெல்ற், காற்றாடி பக்கம் போகக் கூடாது. சால்வை, நீண்ட தலைமுடி, சங்கிலி எல்லாம் ஒதுக்கியிருக்க வேண்டும். கராஜ் கதவு திறந்திருக்க வேண்டும்.

மகன் ஸ்ராட் பண்ணினான். மேல் மூடியில் வைத்துக் கேட்டார். தலையை ஆட்டினார். கீழே, ஒயில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பத்து வினாடி இருக்கும்.

"நிப்பாட்டு ராசா. இது மண்ணெண்ணெய்ச் சத்தம் இல்லை. அடியில அடிக்குது."

உறுதிப்படுத்த இன்னொரு சோதனை உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு சிலிண்டரின் கொயில் இணைப்பையும் பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் இணைப்பையும் கழற்றி, சில வினாடி மட்டும் ஓடவிட வேண்டும். அந்தச் சிலிண்டரில் வெடிப்பு இல்லாததால் பாரம் குறையும். சத்தமும் குறைந்தால் வருத்தம் அங்கேதான். ஓடும்போது கழற்றக் கூடாது, உயர் மின்சாரம் அடிக்கும். பழக்கமில்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுங்கள். நாங்களும் விட்டோம்.

காரை ஓட்டிக்கொண்டு போகவில்லை. இழுவை வண்டியில் ஏற்றி, எங்கள் ஊரில் ஒரு சிறிய கராஜுக்கு அனுப்பினோம். அவர் ஒயிலை வடித்து, பில்ரரை வெட்டி, மடிப்பை விரித்துக் காட்டினார். வெயிலில் பிடித்தால் மீன் செதில் மாதிரி மினுங்கல், செம்பு நிறம். காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாத செம்பு நிறம் என்றால் பெயாரிங் தகடு. மூன்றாம் சிலிண்டரின் தகட்டைக் கழற்றியபோது மேல் பூச்சுப் போய்ச் செம்பு தெரிந்தது. தண்டில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நகம் தடுக்கியது. தடுக்கினால் தண்டைக் கடைந்துதான் ஆக வேண்டும். "இன்னும் ஒரு கிழமை ஓடியிருந்தால் ரொட் வெளியே வந்திருக்கும்" என்றார்.

அதாவது மகன் மறைத்த மூன்று வாரம் ஒரு வகையில் காரைக் காப்பாற்றியது, ஓட்டாமல் விட்டதால். அந்தத் திரவத்தை நம்பி ஓடிய இரண்டு நாள்தான் தண்டைக் கீறியிருக்க வேண்டும். என்னிடம் முதல் நாளே சொல்லியிருந்தால் தகட்டை மட்டும் மாற்றித் தப்பியிருக்கலாம்.

வாங்குவதற்கு முதல்

விற்றவர் ஏமாற்றினாரா என்று பலர் கேட்டார்கள். இல்லை, ஒயில் தீர்ந்தது எங்கள் பிழை. ஆனால் பிள்ளை பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

பில்சூன் என்ற கட்டாயப் பரிசோதனையை அண்மையில் தாண்டியது என்பதை எஞ்சினுக்கான சான்றிதழாக எடுக்காதீர்கள். அவர்கள் பிரேக், விளக்கு, துரு, புகை எல்லாம் பார்ப்பார்கள். எஞ்சினைத் திறந்து பார்ப்பதில்லை.

காரைக் குளிர்ந்த எஞ்சினோடு பார்க்க வேண்டும். "வரும்போது சூடாக்கி வைக்க வேண்டாம்" என்று முதலே சொல்லுங்கள். போனதும் எஞ்சின் மூடியில் கையை வைத்துப் பாருங்கள். குளிரில் ஒரு தரம், இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகு ஒரு தரம் கேளுங்கள். ஒயில் வழக்கத்துக்கு மாறாகத் தடிப்பாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

1923இலிருந்து இயங்கும் எஃப்டிஎம் போன்ற கார் உரிமையாளர் சங்கத்தில் காசு கட்டிப் பாவித்த காரைச் சோதிக்கலாம். வாங்கிய பிறகு செலவழிப்பதை விட அது மலிவு.

வியாபாரியிடம் வாங்கினால் சட்டப்படி இரண்டு வருட முறைப்பாட்டு உரிமை உண்டு. 2022இலிருந்து, முதல் ஒரு வருடத்துக்குள் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்றால் வியாபாரிதான் காட்ட வேண்டும். தனியாரிடம் வாங்கினால் அந்தச் சலுகை இல்லை, நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

கராஜில் இப்போது

எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பூட்டுவது, அல்லது இதே எஞ்சினை இறக்கி, தண்டைக் கடைந்து, புதுத் தகடு போடுவது. முதலாவது சுகம், ஆனால் அந்த எஞ்சினும் எப்படி ஓடியதோ யாருக்குத் தெரியும். மகன் இரண்டாவதைத் தெரிந்தான். இறக்கி ஏற்றும் வேலையை எங்கள் கராஜில் தானே செய்வதாகச் சொன்னான். கடைசல் கூலியில் பாதியை நான் கடனாகக் கொடுத்தேன். மாதாமாதம் திருப்பித் தருகிறான். "ஒரு சதமும் தரமாட்டன்" என்று தை மாதம் சொன்னது நான்தான். மனைவி அதை இன்னும் ஞாபகப்படுத்துகிறா.

கடன் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டேன். கார் என்றாலும் வேறு எது என்றாலும், பிழைத்துப்போனால் அன்றைக்கே சொல்ல வேண்டும். அவன் ஓம் என்றான். பிறகு, "எனக்கும் ஒண்டு இருக்கு" என்றான்.

"என்ன?"

"முதல்ல முழுசாக் கேளுங்கோ. பிறகு ஏசுங்கோ."

ஒத்துக்கொண்டேன். சுலபமாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். போன கிழமை அவன் ஸ்பானரோடு உள்ளே வந்து "அப்பா, ஒரு போல்ற் முறிஞ்சு போச்சு" என்றபோது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "எந்த இடத்தில?" என்று கேட்டேன். காட்டினான். முறிந்ததற்குக் காரணம் துரு, அவன் இல்லை.

எஞ்சின் இப்போது ஸ்ராண்டில் தொங்குகிறது. கிராங்க் தண்டு கடைசலுக்குப் போய் வந்துவிட்டது, பழைய ரீசேட்டில் சுற்றி மேசையில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வருகிறார். தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் இருந்து, ஏ40 கதை சொல்லிக்கொண்டே ஒவ்வொரு போல்ற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் தருகிறார். நத்தாருக்கு முதல் ஏற்றிவிடலாம் என்று மகன் சொல்கிறான். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஆனால் சொல்லவில்லை.

இன்றைக்கு இதை வாசித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் பெற்றோல் கார் ஓடும் பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு போய், மூடியைத் திறந்து, ஒயில் குச்சி எது என்று காட்டுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும், பெற்றோல் இரண்டு தரம் நிரப்பினால் ஒரு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்த மாதம்: நத்தார் விடுமுறைக்கு ஜெர்மனிப் பக்கம் போகிறவர்களுக்குக் குளிர்கால ரயர் பற்றி.